கான்கிரீட்டில் கண்டுபிடித்ததைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலோ பிளாக் போடுகிறவர், ரெடிமிக்ஸ் பிளான்ட் நடத்துகிறவர், பேவர் (தரையில் பதிக்கும் கான்கிரீட் கல்) மோல்டு அடிக்கிறவர், சிவில் துறைப் பேராசிரியர் என்று பலருக்கும் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன்னால் சில வருடம் சைட்டில் கியூப் (வலிமை பார்க்க வார்க்கும் கான்கிரீட் கட்டை) உடைத்துக்கொண்டிருந்தேன். யார் வந்தாலும் முதல் நாள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பதில்கள் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் பழைய சரக்கு. அதில் காப்புரிமை எடுக்க இன்னும் என்ன இருக்கிறது?

இந்தத் தொழிலே காப்புரிமையில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், 1824 அக்டோபரில் செயற்கைக் கல் செய்யும் முறைக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். ‘போர்ட்லாண்ட் சிமென்ட்’ என்ற பெயர் அதில்தான் வருகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 1867-இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் மோனியே பிரெஞ்சுத் தோட்டக்காரர். அவருக்கு வேண்டியிருந்தது உடையாத பூந்தொட்டி. கான்கிரீட்டைக் குழாயில் பீய்ச்சி அடிக்கும் இயந்திரத்துக்கு 1911-இல் காப்புரிமை பெற்ற கார்ல் ஏக்லி, செத்த விலங்குகளைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்துகிறவர். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் இதில் அதிகம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இன்றைக்கு வருகிறவை வேறு மாதிரி: கிளிங்கரை (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் கட்டி) குறைக்கும் சிமென்ட், அட்மிக்சர் (கலவையில் சிறிதளவு சேர்க்கும் வேதிப்பொருள்), கியூரிங் முறை (ஈரம் காத்து இறுக வைப்பது), முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முனை, ப்ரீகாஸ்ட் (முன்பே வார்த்த துண்டு) இணைப்பு, கழிவை ஜல்லியாக மாற்றும் வழி. பொருள், செய்முறை, இயந்திரம் மூன்றுக்குமே விண்ணப்பிக்கலாம்.

நான் ஒரு கலவை விகிதம் கண்டுபிடித்திருக்கிறேன். காப்புரிமை கிடைக்குமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் ஏமாந்து திரும்புவதும் இதில்தான்.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மூன்று விஷயம் கேட்கிறது: புதிதாக இருக்க வேண்டும், துறையில் உள்ளவருக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். இந்த மூன்றையும் தாண்டினாலும் பிரிவு 3(e) நிற்கிறது. ஏற்கெனவே உள்ள பொருள்களைச் சும்மா சேர்த்ததில் அவற்றின் குணங்களும் சும்மா கூடி வந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. கான்கிரீட் என்பதே கலவை. எனவே நம் ஆட்களுக்கு இது நேராக நெஞ்சில் வந்து நிற்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கரும்புச் சக்கைச் சாம்பலை மட்டும் சேர்த்தால் 28 நாள் வலிமை 2 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) கூடுகிறது, இன்னொரு பொடியை மட்டும் சேர்த்தால் 3 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் 5 கூடியது என்றால் அது கூட்டல் கணக்கு. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கையை விரித்துவிடுவார். 9 கூடியது என்றால் ஒன்று இன்னொன்றைத் தூண்டியிருக்கிறது. அங்கேதான் கண்டுபிடிப்பு இருக்கிறது.

உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் எல்சி3 சிமென்டைப் பாருங்கள். பரவலாகப் பேசப்படும் அதன் வகையில் பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணைச் சுடும்போது கிளர்ந்தெழும் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டும் வினைபுரிந்து, துளைகளை அடைக்கும் புதுச் சேர்மங்களைத் தருகின்றன. தனியாக வெறும் நிரப்பியாகக் கிடந்த சுண்ணாம்புத் தூள், இங்கே வேலையில் இறங்குகிறது. ‘கூட்டுச் செயல்’ என்று சட்டம் எதிர்பார்ப்பது இந்த மாதிரி விஷயத்தை.

ஆகவே என்னிடம் வரும்போது கடைசிக் கலவையின் ரிசல்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது இல்லாமல், இது இல்லாமல், இரண்டும் இல்லாமல் என்று போட்ட கியூப்களின் 7 நாள், 28 நாள் எண்களும் வேண்டும். அவற்றைப் போடாமல் விட்டிருந்தால் இப்போது போடுங்கள். ஒரு மாதம் தாமதமாகும், பரவாயில்லை.

நான் செய்தது சின்ன மாற்றம்தான். போதுமா?

மாற்றத்தின் அளவை யாரும் அளப்பதில்லை. அது மற்றவருக்கு எளிதில் தோன்றியிருக்குமா என்பதைத்தான் பார்ப்பார்கள். கம்பியை முன்கூட்டியே இழுத்து இறுக்கிக் கான்கிரீட்டை அழுத்தத்தில் வைக்கலாம் என்ற யோசனைக்கு அமெரிக்காவில் ஜாக்சன் என்பவர் 1880-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அது வேலைக்கு ஆகவில்லை. சாதாரணக் கம்பியில் கொடுத்த இழுவை, கான்கிரீட் சுருங்குவதிலும் நாளாக ஆக நசுங்குவதிலும் கரைந்து போனது. அது ஏன் கரைகிறது என்று புரிந்துகொண்டு, மிக வலிமையான எஃகுக் கம்பியைப் பயன்படுத்தி 1928-இல் காப்புரிமை எடுத்தவர் பிரான்சின் யூஜின் ஃப்ரெய்சினே. இன்றைய ப்ரீஸ்ட்ரெஸ்டு பாலங்கள் அவர் வழி வந்தவை. கம்பியை மாற்றினார், அவ்வளவுதான் என்றும் சொல்லலாம். அந்த ‘அவ்வளவுதான்’ நாற்பது வருடம் யாருக்கும் தோன்றவில்லையே!

கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புச் சாந்துக்குக் காப்புரிமை வாங்கலாமா?

நம் பாட்டன்மார் செய்ததை அப்படியே எழுதிக் கொடுத்தால் கிடைக்காது. பிரிவு 3(p) மரபறிவையும், மரபாக அறியப்பட்ட பொருள்களின் தெரிந்த குணங்களைத் திரட்டித் தருவதையும் விலக்குகிறது. இது நமக்கு நல்லதுதான். வேறு எவரும் வந்து கடுக்காயைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் கடுக்காய்ச் சாற்றிலிருந்து ஒரு கூறைப் பிரித்து, அதைச் சிமென்டின் இறுகும் நேரத்தைத் தள்ளிப்போடும் அட்மிக்சராக, கெட்டுப்போகாமல் டிரம்மில் வைத்து விற்கும் முறையைக் கண்டுபிடித்தால் அது வேறு கதை. கிடைக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். பேசிப் பார்க்க இடம் இருக்கிறது.

மெஷினிலும் மோல்டிலும் மாற்றம் செய்தேன். அதற்கு?

கலவையைவிட இயந்திரத்துக்கு வாங்குவது பெரும்பாலும் எளிது. வரைபடத்தில் காட்டலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தடையாக வருவது பிரிவு 3(f): தெரிந்த கருவிகளை இடம் மாற்றி வைப்பதோ, ஒன்றை இரண்டாக்குவதோ கண்டுபிடிப்பு ஆகாது. பிளாக் மெஷினில் வைப்ரேட்டரை மேலிருந்து கீழே மாற்றினேன் என்றால் ‘அதனால் என்ன?’ என்று கேட்பார்கள். கீழே மாற்றியதால் மூலை உடைவது குறைந்தது, அதற்குக் காரணம் இது, இதோ எண்கள் என்று சொல்ல முடிந்தால் கேட்பார்கள்.

ஜெர்மனி, சீனா, ஜப்பான் நாடுகளில் இந்த மாதிரிச் சிறு மேம்பாடுகளுக்கென்று குறுகிய காலக் குட்டிக் காப்புரிமை ஒன்று உண்டு. இந்தியாவில் இல்லை. கோயம்புத்தூர் பட்டறைகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

பேவர் பிளாக்குக்குப் புது வடிவம் வரைந்திருக்கிறேன்.

அது காப்புரிமைக்குப் போகிற விஷயம் இல்லை, வடிவமைப்புப் பதிவு. 2000-ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டப்படி முதலில் 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டு மோல்டுக்காரர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

இது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டுமே காக்கும். பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் வண்டி போனாலும் கல் நகராது என்பது வேலை சார்ந்த குணம்; அதற்குக் காப்புரிமைப் பக்கம்தான் போக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் ஒன்று வெளியே வருவதற்குள் மற்றதையும் போட்டுவிட வேண்டும்.

‘வரைந்தது நான், எனக்குப் பதிப்புரிமை இருக்கிறதே’ என்று சிலர் வாதாடுவார்கள். பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால் அந்தப் பதிப்புரிமை போய்விடும் என்கிறது சட்டம். பேவர் தொழிலில் 50 கல் என்பது எவ்வளவு நேரம்? டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஏற்கெனவே ஒரு சைட்டில் போட்டுக் காட்டிவிட்டேன். போச்சா?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்னால் உலகில் எங்கேயாவது வெளியிடப்பட்டிருந்தாலோ, இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ புதுமை போய்விடும். வெளியிட்டவர் நீங்களே என்பது காரணமாகாது. யூடியூப் வீடியோ, கண்காட்சி ஸ்டால், கல்லூரி ஆய்வேடு, வாட்ஸ்அப்பில் டீலர் குழுவுக்கு அனுப்பிய படம், எல்லாமே உங்களுக்கு எதிரான சாட்சி. என்னிடம் ஒருவர் புது வகை கர்ப் ஸ்டோன் (சாலையோரக் கல்) பூட்டுடன் வந்தார். அருமையான வேலை. கிளம்பும்போது, ‘போன வருஷம் எக்ஸ்போவில் வைத்தோம் சார், கூட்டம் அலைமோதியது’ என்றார். பெருமையாகச் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

இரண்டு விலக்குகள் இருக்கின்றன. பிரிவு 31-இன்படி, மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் வைத்ததும், கற்றறிந்தோர் சங்கத்தின் முன் கட்டுரையாகப் படித்ததும் 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் மன்னிக்கப்படும். ஊரில் நடக்கும் எல்லா எக்ஸ்போவும் அப்படி அறிவிக்கப்பட்டது அல்ல. பிரிவு 32 நமக்கு முக்கியமானது: கண்டுபிடிப்பின் தன்மையால் வெளியிடத்தில்தான் சோதிக்க முடியும் என்றால், நியாயமான சோதனைக்காக மட்டும் செய்த பொதுப் பயன்பாடு ஒரு வருடம் வரை மன்னிக்கப்படும். சாலைக் கான்கிரீட்டைச் சாலையில் போட்டுத்தானே பார்க்க வேண்டும்? ஆனால் ‘சோதனை’ என்று எழுத்தில் இருக்க வேண்டும். பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தால் அதைச் சோதனை என்று வாதாடுவது கஷ்டம்.

எனக்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு நாலைந்து பெயர் இருக்கும். எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். சீன, ஜப்பானிய ஆவணங்களை விட்டுவிடாதீர்கள், மொழிபெயர்ப்பு அங்கேயே கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளும் கணக்கில் சேரும்.

தேடாமல் போனால் என்ன ஆகும்? பிரான்சின் பிரான்சுவா எனபீக் 1892-இல் கம்பிக் கான்கிரீட் உத்தரம் கட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதை வைத்துப் பல நாடுகளில் பெரிய தொழில் நடத்தினார். 1903-இல் அது ரத்தானது. காரணம், நம் பூந்தொட்டிக்காரர் மோனியே 1878-இலேயே உத்தரத்துக்கும் எழுதி வைத்திருந்தார்.

காப்புரிமை எடுப்பதா, ரகசியமாக வைப்பதா?

கான்கிரீட்டைப் பொறுத்தவரை இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. காப்புரிமை என்பது ஒரு பேரம். செய்முறையை, உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி உட்பட, முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். 18 மாதத்தில் அதை உலகத்துக்கே வெளியிட்டுவிடுவார்கள். பதிலுக்கு, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம் மற்றவர்களைத் தடுக்கும் உரிமை கிடைக்கும்.

நான் பார்க்கும் உரைகல் ஒன்றுதான்: உங்கள் பொருளை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, உடைத்து, லேபில் கொடுத்தால் ரகசியம் தெரிந்துவிடுமா? ப்ரீகாஸ்ட் சுவரின் இணைப்பு, பிளாக்கின் உள்கூடு, மெஷினின் அமைப்பு எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அவற்றை மூடி வைக்க முடியாது, எனவே காப்புரிமை எடுங்கள். ஆனால் எந்தப் பொருளை எந்த நொடியில் மிக்சரில் போடுகிறீர்கள், களிமண்ணை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள் என்பதெல்லாம் இறுகிய கான்கிரீட்டைப் பார்த்து அவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது. அதை எழுதிக் கொடுத்துவிட்டால், ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பிளான்ட்டில் ராத்திரி ஷிப்ட்டில் இன்னொருவர் அதையே செய்தால் உங்களுக்குத் தெரியவா போகிறது?

ரகசியம் காப்பதில் முன்னோடி, முன்பு சொன்ன ஆஸ்ப்டினின் மகன் வில்லியம். அவருடைய போட்டியாளர் ஐசக் ஜான்சன் சொன்ன கதை இது: சூளையில் சரக்கு ஏற்றும்போது வில்லியம் ஒரு தட்டோடு உள்ளே போவார். அதில் மயில்துத்தம், சுண்ணாம்புக்கல் தூள் என்று விதவிதமான பொடிகள். கைப்பிடி கைப்பிடியாகத் தூவிவிட்டு வருவார். வேலையாட்கள் அதுதான் சூட்சுமம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையான சூட்சுமம், பழைய சிமென்டைவிட அதிகச் சூட்டில், கண்ணாடிபோல் உருகி இறுகும்வரை சுடுவதில் இருந்தது. அப்பாவின் 1824 காப்புரிமையில் அது இல்லை. ஜான்சன் பிறகு தானே சோதித்துச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார். மற்றவர் சொந்தமாகக் கண்டுபிடித்தால் ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது; அதன் பலவீனம் அதுதான்.

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதா கொடுத்தது. அது சட்டமாகும்வரை ஒப்பந்தம்தான் கதி. பேட்சிங் ஆபரேட்டர், கெமிஸ்ட், மோல்டு அடித்துத் தருகிறவர் எல்லாரிடமும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். பொடி மூட்டைகளில் பெயர் போடாமல் எண் போடுங்கள். முழு விகிதமும் ஒரே ஆளுக்குத் தெரிய வேண்டாம்.

பாதி அதில், பாதி இதில் என்று பிரிப்பதும் உண்டு. பொருளுக்குக் காப்புரிமை, தயாரிப்பின் கைப்பக்குவத்துக்கு ரகசியம். ஆனால் காப்புரிமையை நிறைவேற்றத் தேவையானதை மறைக்கக் கூடாது. மறைத்தால் அதுவே ரத்துக்குக் காரணமாகும்.

எவ்வளவு செலவாகும்? எவ்வளவு நாளாகும்?

தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. பரிசோதனைக்கு இன்னொரு கட்டணம், 4,000 அல்லது 20,000. பக்கம் 30-க்கும், உரிமைக் கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகள்) 10-க்கும் மேல் போனால் கூடுதல். விண்ணப்பம் எழுதித் தரும் என் போன்ற ஏஜென்ட்டின் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். அதுதான் பெரிய செலவு, மறைக்கவில்லை.

சோதனை முடியாத நிலையில் முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டு இடம் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும். பரிசோதனை தானாக நடக்காது, கேட்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அந்தக் கெடு 31 மாதம். முன்பு 48 மாதம் இருந்தது. பழைய நினைப்பில் இருந்தவர்கள் தவறவிடுவதைப் பார்க்கிறேன். பரிசோதகரின் அறிக்கை வந்தால் பதில் தர 6 மாதம். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் ஆகியோர் விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

கிடைத்த பிறகும் மூன்றாம் வருடத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டத் தவறினால் காலாவதி. 18 மாதத்துக்குள் மனு போட்டால் மீட்க வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில், ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது. நேரில் போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

நானே எழுதிப் போடலாமா?

சட்டம் தடுக்கவில்லை. விளக்கம் எழுதுவது கஷ்டமில்லை, கோரிக்கை எழுதுவதுதான் கஷ்டம். உங்கள் நிலத்தின் வேலி அது. ‘ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) 22 சதவீதம்’ என்று எழுதினால் 20 போடுகிறவன் வேலிக்கு வெளியே நின்று சிரிப்பான். ‘5 முதல் 80 வரை’ என்று எழுதினால் பழைய ஆவணம் ஏதாவது உள்ளே வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சோதனையில் எந்த வரம்புவரை பலன் தெரிந்ததோ அதைக் கோரி, உள்ளே இன்னும் குறுகிய வேலிகளையும் போட்டு வைப்பதுதான் முறை.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கண்டுபிடித்தேன். யாருக்குச் சொந்தம்?

காப்புரிமைச் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்று தனி விதி இல்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் வர வேண்டும். உரிமை கம்பெனிக்குப் போகலாம். கல்லூரிகளில் அறிவுசார் சொத்துக் கொள்கை இருக்கும், அதைப் படியுங்கள். பேராசிரியரின் பெயர் மட்டும் போட்டு மாணவர் பெயரை விடுவதும், ஒன்றுமே செய்யாத துறைத் தலைவர் பெயரைச் சேர்ப்பதும் பின்னால் வினையாகும்.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் 1960-களில் பிறந்த ‘டோலோஸ்’ என்ற அலைதடுப்புக் கான்கிரீட் கட்டை உலகக் கடற்கரைகளில் எல்லாம் கிடக்கிறது. துறைமுகப் பொறியாளர் எரிக் மெரிஃபீல்டின் பெயரில்தான் அது அறியப்பட்டது. அங்கே வேலை பார்த்த வரைபடக்காரர் ஒருவர், அந்த வடிவம் தன்னுடையது என்று பின்னாளில் சொன்னார். இன்றுவரை பேச்சு ஓயவில்லை.

வெளிநாட்டிலும் உரிமை வேண்டும் என்றால்?

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. ‘உலகக் காப்புரிமை’ என்று ஒன்று இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேச வழியில் போட்டால், எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய 30 மாதம் வரை, சில நாடுகளில் 31 மாதம் வரை, அவகாசம் கிடைக்கும். இந்தியாவில் வசிப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும். துபாயில் கூட்டாளி இருக்கிறார் என்று நேரே அங்கே போட்டுவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒருவன் காப்பியடித்துவிட்டான். போலீசில் புகார் கொடுக்கலாமா?

முடியாது. காப்புரிமை மீறல் குற்ற வழக்கு அல்ல, சிவில் வழக்கு. மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத நீதிமன்றத்தில் போட வேண்டும். எதிராளி ‘உன் காப்புரிமையே செல்லாது’ என்று எதிர்மனு போட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும், பெரும்பாலும் போடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று அறிவுசார் சொத்துப் பிரிவு இருக்கிறது. தடையுத்தரவு, நஷ்டஈடு அல்லது அவன் சம்பாதித்த லாபம் ஆகியவற்றைக் கேட்கலாம். காப்புரிமை கையில் கிடைத்த பிறகே வழக்குப் போட முடியும், ஆனால் வெளியான தேதியிலிருந்து நஷ்டத்தைக் கணக்கிடலாம்.

செய்முறைக் காப்புரிமையில் ஒரு சலுகை உண்டு. எதிராளியின் பொருள் உங்கள் செய்முறையில் வரும் பொருளேதான் என்று முதலில் நீங்கள் காட்ட வேண்டும். அந்தப் பொருளே புதியதாக இருந்தால், ‘நான் வேறு முறையில் செய்தேன்’ என்று நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் அவன் தலையில் வைக்கலாம்.

வழக்குக்கு முன் சாட்சி சேருங்கள். கடையில் பில் போட்டு வாங்கிய பிளாக், லேப் அறிக்கை, படம்.

நான் தெரியாமல் மற்றவர் காப்புரிமையை மீறிக்கொண்டிருந்தால்?

இந்தியாவில் அமலில் உள்ள காப்புரிமை மட்டுமே உங்களைத் தொடும். காலாவதியானவை எல்லாருக்கும் பொது. ஏஏசி பிளாக்கை (காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கட்டுமானக் கல்) எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்வீடனின் ஆக்செல் எரிக்சன் 1920-களில் உருவாக்கியது. அந்த உரிமை எப்போதோ தீர்ந்துவிட்டதால்தான் யார் வேண்டுமானாலும் பிளான்ட் போட முடிகிறது. பாலிகார்பாக்சிலேட் அட்மிக்சரின் மூலக் காப்புரிமை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் எடுத்தது, அதுவும் போய்விட்டது. மேம்பாடுகளில் சில உயிரோடு இருக்கலாம், தேடிப் பாருங்கள். காலாவதியான காப்புரிமைகள் இலவசப் பாடப்புத்தகம். நம் ஆட்கள் யாரும் திறப்பதில்லை.

காப்புரிமை போனாலும் பெயர் போகாது என்பதையும் கவனியுங்கள். ஏக்லியின் பீய்ச்சும் இயந்திரத்தில் வந்த ‘கன்னைட்’ முதலில் ஒரு வணிகப் பெயர். நூறு வருடம் கழித்தும் நம் சைட்டில் ‘கன்னைட்டிங் போட்டாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள். வணிகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், மொத்தக் கால வரம்பு கிடையாது.

காப்புரிமை இருந்தால் அரசு வேலையில் எடுத்துக்கொள்வார்களா?

இல்லை. காப்புரிமை அலுவலகம் உங்கள் பிளாக்கை அழுத்திப் பார்ப்பதில்லை. தாமஸ் எடிசனுக்குக்கூட, ஒரு வீடு முழுவதையும் ஒரே வார்ப்பில் ஊற்றும் முறைக்கு 1917-இல் காப்புரிமை கிடைத்தது. நியூ ஜெர்சியில் சில வீடுகள் எழும்பின, அத்தோடு சரி. பொறியாளர் கையெழுத்துப் போட ஐஎஸ் என்ற இந்தியத் தரநிலை வேண்டும், விலைப் பட்டியலில் பெயர் வர வேண்டும். புதுப் பொருளுக்குத் தரமே இல்லையென்றால் பிஎம்டிபிசி என்ற மத்திய அமைப்பு தரும் செயல்திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ் ஒரு வழி. எல்சி3-க்கு ஐஎஸ் 18189 என்ற தரம் 2023-இல்தான் வந்தது. ஆராய்ச்சி அதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே முடிந்திருந்தது.

விண்ணப்பம் போட்டவுடன் ‘பேட்டன்ட் பெற்றது’ என்று மூட்டையில் அச்சடிக்கலாமா?

கூடாது. ‘விண்ணப்பம் நிலுவையில்’ என்று போடலாம். கிடைக்காததைக் கிடைத்தது என்று போட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டால்?

அப்படி விட்டவர்களும் உண்டு, விடாதவர்களும் உண்டு. பிரான்சில் 1950-இல் வந்த டெட்ராபாட் என்ற அலைதடுப்புக் கட்டை காப்புரிமையோடு உலகைச் சுற்றியது. மும்பை மெரைன் டிரைவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைத் தெரியும். மேலே சொன்ன டோலோசுக்குக் காப்புரிமையே எடுக்கவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தார்ச் சாலையில் சேர்க்கும் முறைக்குக் கல்லூரி வழியாகக் காப்புரிமை பெற்று, பிறகு அரசுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார். இந்த மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. காப்புரிமை உங்கள் கையில் இருந்தால்தான், இன்னொருவன் அதையே சற்று மாற்றித் தன் பெயரில் எழுதி ஊரை மிரட்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் காசு வருமா?

மோனியே காப்புரிமைமேல் காப்புரிமையாக வாங்கினார். தொட்டி, குழாய், பலகை, பாலம், உத்தரம். ஜெர்மனிக்கான உரிமை கைமாறி அங்கே அவர் பெயரிலேயே பெரிய கம்பெனிகள் நடந்தன. அவரோ 1888-இல் திவாலாகி, 1906-இல் வறுமையில் இறந்தார். எனபீக் வேறு விதம். அவர் தானே எல்லாவற்றையும் கட்டவில்லை. ஊருக்கு ஊர் ஒப்பந்தக்காரர்களைப் பிடித்து உரிமம் கொடுத்தார், பயிற்சி கொடுத்தார், கணக்கும் வரைபடமும் பாரிஸிலுள்ள தன் அலுவலகத்திலிருந்துதான் போக வேண்டும் என்று வைத்தார். காப்புரிமை ரத்தான பிறகும் அந்த வலைப்பின்னல் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் ஊரில் நாலு பிளான்ட்காரர்களுக்கு உரிமம் கொடுத்து மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்க முடியுமா என்று யோசியுங்கள். அதற்கு ஆள் கிடைக்காது என்று தோன்றினால் விண்ணப்பத்தைப் பற்றியும் இன்னொரு முறை யோசியுங்கள்.

எல்லாம் சரி. உங்களிடம் சொன்னால் நீங்கள் வெளியே சொல்லமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

நல்ல கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. வக்கீலிடம் பேசுவதற்குச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு ஏஜென்ட்டிடம் பேசுவதற்கு அப்படியே கிடையாது. எனவே என் மேஜையிலும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு பிரதி. முதலில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் நீங்கள் வாயே திறக்க வேண்டாம், பையில் இருக்கும் கியூபையும் வெளியே எடுக்க வேண்டாம்.